பீர்க்கன்கரணை ஏரிக்குப் போன வெள்ளைப் புடவை

பீர்க்கன்கரணை ஏரியைப் பற்றி எழுதச் சொல்லி இந்த வலைப்பூவில் இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். நான் அங்கே ஒரே ஒரு முறைதான் போயிருக்கிறேன். எழுபதுகளின் தொடக்கத்தில், மழைக்காலம் முடிந்த ஒரு ஜனவரி ஞாயிறு. சுற்றிப் பார்க்கப் போகவில்லை. என் தங்கை சுகந்தி ஏரித் தண்ணீரில் இறங்குவதற்குள் அவளைக் கையோடு கூட்டிவரச் சொல்லி அப்பா அனுப்பினார்.

நாங்கள் சேலையூரில் இருந்தோம். பரம்பரைக் கிறிஸ்தவக் குடும்பம், அப்பா எங்கள் சர்ச்சின் கோயில் கமிட்டியில் இருந்தார். எங்கள் இருவருக்கும் கைக்குழந்தையிலேயே தலையில் தண்ணீர் தெளித்து ஞானஸ்நானம் ஆகிவிட்டது. ஆனால் டீச்சர் வேலை பார்த்த சுகந்தி, குரோம்பேட்டையில் ஒரு ஜெபக் கூட்டத்துக்குப் போக ஆரம்பித்து, கர்த்தர் தன்னை முழுக்கு ஞானஸ்நானம் எடுக்கச் சொல்கிறார் என்றாள். முழுக்கு எடுப்பவர்கள் நகைகளைக் கழற்றிவிட வேண்டும் என்பது அந்தச் சபையின் வழக்கம்.

"அப்ப நாங்க குடுத்த ஞானஸ்நானம் பொய்யா? தண்ணில இறங்கினா இந்த வாசப்படி மிதிக்கக் கூடாது" என்றார் அப்பா. அம்மா தன் பங்குக்கு அவளுடைய வெள்ளைப் புடவைகளை டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். வெள்ளைப் புடவை இல்லாமல் முழுக்கு நடக்காது என்பது அம்மாவின் நம்பிக்கை. ஞாயிறு காலையில் சுகந்தி நீலப் புடவையில் கிளம்பிப் போய்விட்டாள்.

எனக்கு அவள்மேல் பொறாமை. சின்ன வயதிலிருந்தே உண்டு, மறைக்க என்ன இருக்கிறது? அப்பா வாங்கிய சிவப்புக் கல் ஜிமிக்கி அவள் காதுக்குத்தான் போனது. எனக்குப் பிடித்திருந்த மாப்பிள்ளையை அப்பா வேண்டாம் என்றபோதுகூட நான் சரி என்று தலையாட்டினேன். அப்படிப்பட்ட என்னிடம் கர்த்தர் எதையும் தனியாகச் சொன்னதில்லை. எதிர்த்துப் பேசுகிறவளிடம் மட்டும் பேசுகிறார்.

கோயில் ஆராதனை முடிந்ததும், பாடகர் குழுவுக்காகக் கட்டியிருந்த வெள்ளைப் புடவையோடு அப்படியே கிளம்பினேன். சேலையூரிலிருந்து தாம்பரம் ஸ்டேஷன் சுமார் மூன்று கிலோமீட்டர். ஞாயிற்றுக்கிழமை பஸ் குதிரைக்கொம்பு, நடந்தேன். தண்டவாளத்தைத் தாண்டி மேற்குப் பக்கம் போய், ஜி.எஸ்.டி. ரோட்டில் செங்கல்பட்டுப் பக்கம் போகிற பஸ். டிக்கெட் சில்லறைக் காசுதான். பீர்க்கன்கரணையில் இறங்கி டீக்கடைக்காரரிடம் வழி கேட்டேன்.

"இன்னாம்மா, நீயும் முழுக்குக்கா? அதோ அந்தாண்ட கரைல பாடிகினு கீறாங்க பாரு. சீக்கிரம் போ, ஆரம்பிச்சுடப் போறாங்க."

ஏரி தளும்ப நின்றது. கரையில் நாற்பது பேர் இருக்கலாம். நான் போய் நின்றதும் ஒரு அம்மாள் வந்து என் கையைப் பிடித்தார். "வாங்க சிஸ்டர், லைன்ல நில்லுங்க. கம்மலைக் கழட்டிடுங்க." என் வெள்ளைப் புடவையைப் பார்த்து என்னையும் முழுக்கு எடுக்க வந்தவள் என்று நினைத்துவிட்டார். "நான் இல்லீங்க" என்று கையை உதறினேன். வெடுக்கென்று வந்த அந்த பதில் எனக்கே பிடிக்கவில்லை.

சுகந்தி ஓடிவந்தாள். "அப்பா அனுப்பினாரா?"

"வாடி வீட்டுக்கு. இறங்கினா திரும்பச் சேர்க்க மாட்டார்."

"தெரியும்க்கா. ராத்திரி பூரா தூங்கல, பயமா இருக்கு." ஏரியைத் திரும்பிப் பார்த்தாள். "ஆனா கர்த்தர் சொன்னப்புறம் எப்படி இறங்காம இருக்கிறது?" பிறகு என் புடவையைப் பார்த்தாள். "அக்கா, மாத்திக்கலாமா?"

கொடுத்தேன். அன்பினால் கொடுத்தேன் என்று எழுத ஆசைதான். ஆனால் நான் மறுத்தால் அவள் நீலப் புடவையோடேயே இறங்கியிருப்பாள், அதையும் விசுவாசத்துக்குப் பெரிய சாட்சி என்று எல்லோரும் பேசியிருப்பார்கள். அந்தப் பெருமையும் அவளுக்கா என்று எரிச்சலாக இருந்தது. இரண்டு பெண்கள் போர்வையைப் பிடித்து மறைத்துக்கொள்ள, நாங்கள் புடவை மாற்றிக்கொண்டோம். ஜிமிக்கியைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தாள். "நீயே போட்டுக்க" என்றாள். நான் வருஷக்கணக்காக ஆசைப்பட்ட பொருள் அது.

என் புடவையோடு அவள் தண்ணீரில் முழுகி எழுந்தாள். முகத்தில் பயம் போய்விட்டிருந்தது. அந்த முகத்துக்கு முன்னால் ஜிமிக்கி எனக்கு ஒன்றுமே இல்லை. பையில் கொண்டுவந்திருந்த பழைய சேலைக்கு மாறி, குரோம்பேட்டைத் தோழி வீட்டுக்கே போய்விட்டாள்.

பஸ் கிடைத்து நான் சேலையூர் திரும்பியபோது இருட்டத் தொடங்கியிருந்தது. ஜிமிக்கி தொலைந்துவிடும் என்று காதிலேயே போட்டிருந்தேன். அப்பா கேட் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். தெருமுனையில் நீலப் புடவையைப் பார்த்ததும் செருப்புக்கூடப் போடாமல் ஓடிவந்தார். "வந்துட்டியாம்மா!" அந்தக் குரலை நான் அதற்கு முன்னால் கேட்டதே இல்லை. கிட்டே வந்து என் முகத்தைப் பார்த்தார். "ஓ, நீயா" என்றார். திரும்பி உள்ளே போய்விட்டார்.

தன் சொல்லை மீறி அப்பா அவளை வீட்டில் சேர்க்கவில்லை. ஆனால் உயிரோடு இருந்தவரை சாயங்காலம் ஆனால் கேட் பக்கம் போய் நிற்பார். நான் தினமும் அந்தக் கேட் வழியாகத்தான் வீட்டுக்கு வந்தேன்.

ஏரிக்குப் போக நினைப்பவர்கள் மழை முடிந்து ஜனவரியில் போங்கள், அப்போதுதான் தண்ணீர் இருக்கும். கரை வழுக்கும், நல்ல செருப்பு வேண்டும். மாற்றுத் துணி எடுத்துப் போங்கள். எது எப்படியானாலும் உங்கள் சொந்தப் புடவையிலேயே வீடு திரும்புங்கள்.