சமையலறைக் கடிகாரமும் ஒரு நட்சத்திரமும்

தொலைநோக்கிக் குழாயின் கனமான பக்கத்தை அம்மாதான் பிடிப்பாள். கண்ணாடி அந்தப் பக்கம் இருக்கிறது. அதை அவள் யாரையும் நம்பிக் கொடுத்ததில்லை. நான் லேசான பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, படி எங்கே என்று காலால் தடவியபடி பின்னால் நடப்பேன். மூன்று மாதத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை இரவும் அப்படித்தான் தொலைநோக்கியை வீட்டின் பின்பக்கம் கொண்டுபோய் வைத்தோம். "மெதுவா. பிள்ளைத்தாச்சியைத் தூக்குற மாதிரி தூக்கு" என்றாள். நாங்கள் சேர்ந்து செய்த கடைசி வேலை அது. ஒன்பதாம் நாள், வேலை பார்த்த மருத்துவமனையில் விரிப்புகளை எண்ணிக்கொண்டிருந்தபோது சரிந்து விழுந்தாள். மருத்துவர்கள் ஒரு மாடி மேலேதான் இருந்தார்கள். பயனில்லை.

அம்மா அந்த மருத்துவமனையின் சலவைப் பிரிவுக்கு மேற்பார்வையாளர். எது புது விரிப்பு, எது நாற்பது தடவை துவைத்தது, எது அடுத்த மாதம் துடைக்கும் துணியாகப்போகிறது என்று தொடாமலே சொல்லுவாள். "வெள்ளைன்னா ஒண்ணுதான்னு நினைச்சியா? பதினெட்டு இருக்கு" என்பாள். பதினெட்டையும் எனக்கு வரிசையாக விரித்துக் காட்டியிருக்கிறாள். எனக்கு மூன்றுதான் தெரிந்தது.

இந்தக் கண்ணை அவள் ஒரே ஒரு நட்சத்திரத்துக்குச் செலவழித்தாள். பார்வைக்கு ஒன்று, உண்மையில் இரண்டு. அவை ஒன்றையொன்று சுற்றும்போது ஒன்று மற்றதை மறைக்கும். சில மணி நேரம் ஒளி மங்கிப் பிறகு திரும்பும். மிகவும் மங்கிய நிமிடம் எது என்று குறித்து, வானம் பார்ப்பவர்களின் சங்கம் ஒன்றுக்கு அனுப்புவாள். பதினோரு ஆண்டு செய்தாள். சோப்புத்தூள் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து, அக்கம்பக்கத்து நட்சத்திரங்களோடு ஒப்பிட்டு, "இவனைவிட மங்கல், அவனைவிட ஒரு துவைப்பு வெளுப்பு" என்று முனகிக்கொண்டே நோட்டில் எழுதுவாள்.

கைபேசிக்கு அங்கே இடமில்லை. அதன் வெளிச்சம் பட்டால் இருட்டுக்குப் பழகிய கண் கெட்டுப்போகும். சமையலறை விளக்கில் சிவப்புக் காகிதம் சுற்றியிருப்பாள். வாளியில் உட்கார்ந்தபடியே ஜன்னல் வழியாகச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நேரம் எழுதுவாள்.

அந்தக் கடிகாரம் ஏழு நிமிடம் வேகம். அப்பா பஸ் ஓட்டுநர். விடியற்காலை முதல் பஸ்ஸை எடுக்க வேண்டும் என்று அவரே அப்படி வைத்திருந்தார். வீட்டில் எல்லோரும் ஏழைக் கழித்துத்தான் நேரம் பார்ப்போம். அம்மாவும் கழித்துத்தான் எழுதினாள்.

அப்பாவுக்கு நட்சத்திரத்தில் அக்கறை கிடையாது. ஆனாலும் படுக்கப் போகுமுன் கதவருகே நின்று, "ஆள் வந்தாச்சா?" என்று கேட்பார். "வருவான். உங்க பஸ் மாதிரியா? நேரத்துக்கு வருவான்" என்பாள் அம்மா. அவர் போய்ப் படுத்துவிடுவார். அவள் வெளியே உட்காரும் இரவெல்லாம் இது நடக்கும்.

போன ஆண்டு சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. அம்மாவின் முதல் ஏழு ஆண்டுக் குறிப்புகள் மற்றவர்களுடையதோடு ஒத்துப்போகின்றன. கடைசி மூன்று ஆண்டு மட்டும் சராசரியாக ஏழு நிமிடம் முந்துகின்றன. காரணம் தெரியும்வரை அவற்றைச் சேர்க்காமல் வைத்திருக்கிறார்கள். அம்மா கடிதத்தை மடித்து வைத்தாள். "அவங்க கடிகாரத்தைப் போய்ப் பாக்கச் சொல்லு" என்றாள். ஆனால் மேகமில்லாத எந்த இரவையும் அதன்பின் அவள் விடவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவள் ஜன்னலைப் பார்த்து, "பத்து இருபத்தொண்ணு" என்றாள். என் கைக்கடிகாரத்தில் பத்து இருபத்தெட்டு. ஜன்னலுக்கு உள்ளேயும் பத்து இருபத்தெட்டு.

அளவுக் கருவிகளைச் சரிபார்த்துச் சான்றிதழ் கொடுப்பது என் வேலை. வீட்டுக் கடிகாரத்தை நான் ஒரு நாளும் சரிபார்த்ததில்லை.

இரண்டு கடிகாரமும் ஒரே நேரம் காட்டுவதைச் சொன்னேன். அம்மா நட்சத்திரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பார்த்தபடியே, "வேலை முடிஞ்சு வீட்டோட வந்தாரு இல்ல, அப்ப சரி பண்ணி வெச்சிருப்பாரு. இனிமே எந்த பஸ்ஸுக்கு ஓடணும்னு" என்றாள். அப்பா ஓய்வுபெற்று நாலு ஆண்டு ஆகியிருந்தது. கடிகாரம் சரியானதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயம் என்று அவருக்குத் தோன்றியிருக்காது. அம்மா அந்த நாலு ஆண்டும் கழித்துக்கொண்டே இருந்தாள்.

எந்தத் தேதியில் மாற்றினார் என்று தெரிந்தால் போதும்; அதற்குப் பிறகுள்ள எல்லாவற்றோடும் ஏழைக் கூட்டிவிடலாம். நோட்டிலிருந்து கண்டுபிடிக்க முயன்றேன். கண்ணால் கணிப்பதில் ஒவ்வொரு இரவும் நாலைந்து நிமிடம் முன்பின் இருக்கும். மாற்றம் நாற்பது இரவுகளுக்குள் எங்கோ இருக்கிறது, அதற்குமேல் தெரியவில்லை. அப்பாவைத்தான் கேட்க வேண்டும்.

"நானே கேட்டுக்கிறேன். நீ வாயைத் திறக்காதே" என்றாள்.

மூன்றாம் நாள் நான் வேலை பார்க்கும் ஊரிலிருந்து தொலைபேசியில் விசாரித்தேன். "கேக்கலாம்னுதான் போனேன். கத்திரிக்கோல் எங்கேன்னு கேட்டுட்டு வந்துட்டேன்" என்றாள். "நல்லதுன்னு நினைச்சு செஞ்ச மனுஷன்டா. நாலு வருஷம் வீணாச்சுன்னு அவருகிட்ட எப்படிச் சொல்றது?"

நேற்று நோட்டுக்குள் அவள் எழுதத் தொடங்கிய கடிதம் கிடைத்தது. சங்கத்துக்கு. இரண்டே வரி. "__________ தேதி முதல் எங்கள் வீட்டுக் கடிகாரம் சரியாக ஓடிக்கொண்டிருந்தது. அதை நான் கவனிக்கவில்லை." தேதிக்கு இடம் விட்டிருந்தாள்.

அப்பாவிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். நோட்டைக் கேட்டு வாங்கி, கடைசிப் பக்கத்திலிருந்து பின்னோக்கிப் புரட்டினார். எல்லா நேரத்துக்கும் பக்கத்தில் சின்னதாக ஓர் ஏழு, கழித்தற்குறியோடு.

"என்னிக்குப்பா மாத்துனீங்க?" என்று கேட்டேன்.

அவர் கடிதத்தைத் தேதியில்லாமலே மடித்து நோட்டுக்குள் வைத்தார். முக்காலியை இழுத்துப் போட்டு ஏறி, கடிகாரத்தைக் கழற்றி, பின்னாலிருந்த திருகைக் கட்டைவிரலால் ஏழு நிமிடம் முன்னால் தள்ளி, திரும்ப மாட்டினார். பிறகு பின்பக்கம் போய், கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து, அங்கிருந்து முள் தெரிகிறதா என்று ஜன்னலைப் பார்த்தார்.