மூன்றாவது அறையில் அடைப்பு

குனிந்தால்தான் வலித்தது. வேனின் படியில் ஒரு பிள்ளை விட்டுப்போன தண்ணீர் போத்தலை எடுக்கக் குனிந்தேன். நெற்றிக்குப் பின்னால் ஏதோ இறுகி வெடிக்கப்போவது போல இருந்தது. இருக்கையைச் சாய்த்துப் படுத்தேன். இரண்டு நிமிடத்தில் வலி சுத்தமாகப் போய்விட்டது. அப்படிச் சுத்தமாகப் போனதால்தான் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

நான் மலேசியாவின் பீடோங்கில் பள்ளி வேன் ஓட்டியவள். சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளிக்கு ஏற்றி இறக்குவது பதினோரு வருடமாக என் வேலை. கணவர் குமரன் செம்பனை எண்ணெய் ஆலையில் இருக்கிறார். ஒரே மகள் யாழினி அப்போது பள்ளியின் கடைசித் தேர்வான ஐந்தாம் படிவத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள்.

ஏழு மாதம் கிளினிக் கிளினிக்காக அலைந்தேன். ஒருவர் ஒற்றைத் தலைவலி என்று மாத்திரை கொடுத்தார். ஒருவர் கண்ணாடி மாற்றச் சொன்னார். மூன்றாமவர் என்னை விட்டுவிட்டுக் குமரனிடம், "வீட்ல ஏதாச்சும் பிரச்சனையா? இந்த வயசுல லேடீஸுக்கு இப்படித்தான் லா இருக்கும்" என்றார்.

"குனிஞ்சா வருது டாக்டர். படுத்தா போயிடுது" என்று நான் குறுக்கே சொன்னேன்.

"அப்ப குனியாதீங்க" என்று சிரித்தார்.

குமரனும் சிரித்துவிட்டார். வீடு திரும்பும் வழியெல்லாம் நான் அவரோடு பேசவில்லை.

ஒரு காலை பள்ளி வாசலில் கடைசிப் பிள்ளையையும் இறக்கிவிட்டு வேன் கதவைச் சாத்தினேன். என் இரண்டு கால்களும் இல்லாமல் போயின. தரையில் கிடந்தேன். கண் தெரிந்தது, காது கேட்டது. வேன் சக்கரத்தில் ஒட்டியிருந்த செம்மண்கூடத் தெளிவாகத் தெரிந்தது. பள்ளிக் காவலர் ஓடி வந்தார்.

"என்னக்கா, மயக்கமா?"

"மயக்கம் இல்ல தம்பி. காலு இல்ல."

சிறிது நேரத்தில் கால்கள் திரும்பி வந்தன. நான் எழுந்து நின்றேன். ஐந்து நிமிடத்துக்கு முன்னால் பெரிய சாலையில், லாரிகளுக்கு நடுவே, பதினெட்டுப் பிள்ளைகளோடு வந்துகொண்டிருந்தது அப்போதுதான் உறைத்தது.

வேனை அங்கேயே விட்டுவிட்டு, குமரனை வரவழைத்து அவரோடு அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போனேன். அங்கே இருந்தவர் ஒரு மலாய்ப் பெண் மருத்துவர், யாழினியைவிட ஏழெட்டு வயது மூத்தவராக இருக்கலாம். குனிந்தால் வரும், படுத்தால் போகும் என்று என் மலாயில் சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு இன்னொரு முறை மெதுவாகச் சொல்லச் சொன்னார். ஏழு மாதத்தில் என்னை இரண்டாம் முறை சொல்லச் சொன்னவர் அவர் ஒருவர்தான். ஸ்கேன் முடிந்து திரும்பி வந்தவர் என் கையைப் பிடித்து, இன்று வீட்டுக்குப் போக முடியாது என்றார். ஆம்புலன்ஸில் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார்கள்.

அங்கே மூளை அறுவை மருத்துவர் தமிழர். திரையில் படத்தைக் காட்டி விளக்கினார். மூளைக்குள் நீர் ஓடும் அறைகள் நான்கு உண்டு. மூன்றாவது அறையின் வாசலில் கொலாய்டு சிஸ்ட் (கூழ் போன்ற பொருள் நிறைந்த கட்டி; புற்றுநோய் அல்ல) ஒன்று தொங்குகிறது. ஒரு சிறிய திராட்சை அளவு. குனியும்போது அது வாசலை அடைக்கிறது. நீர் தேங்கி அழுத்தம் ஏறுகிறது. படுத்தால் சற்று விலகிக்கொள்கிறது.

"முழுசா அடைச்சிருந்தா உயிருக்கே ஆபத்தும்மா. இதோடயா இத்தன மாசம் வேன் ஓட்டுனீங்க?"

குமரன்தான் சொன்னார். "டாக்டருங்ககிட்ட போய்க்கிட்டேதான் சார் இருந்தோம். வண்டி ஓட்ட வேணாம்னு யாரும் சொல்லல." சிரித்ததற்காக அன்றைக்குத்தான் அவரை மன்னித்தேன்.

முதலில் தேங்கிய நீரை வடிக்க ஒரு குழாய் வைத்தார்கள். மறுநாள் மண்டையில் சிறு துளையிட்டு, எண்டோஸ்கோப் (நுனியில் கேமரா உள்ள மெல்லிய குழாய்) வழியாகக் கட்டியை எடுத்தார்கள். கட்டியை ஒட்டியே நினைவைக் கொண்டுபோகும் நரம்புக் கற்றை ஓடுகிறது, அது கொஞ்சம் பாதிக்கப்படலாம் என்று முன்பே சொல்லிக் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். உயிர் பிழைத்தால் போதும் என்றிருந்தவளுக்கு அது காதில் ஏறவில்லை.

பதினோரு வருடம் ஓட்டிய பாதையின் ஒவ்வொரு வளைவும் எனக்கு இன்றும் தெரியும். ஆனால் பத்து மணிக்குச் சொன்னது பத்தரைக்கு நினைவில் இருப்பதில்லை. உப்புப் போட்டேனா என்று தெரியாமல் குழம்பைத் திரும்பத் திரும்ப ருசி பார்க்கிறேன். பேச்சின் நடுவே எதிரில் இருப்பவரின் முகம் மாறுவதைப் பார்த்துத்தான், இதை முன்பே கேட்டிருக்கிறேன் என்று புரிந்துகொள்கிறேன்.

பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் ஒன்றையே சொல்கிறார்கள். "கேன்சர் இல்லல்ல, சாமி காப்பாத்துச்சு லா. ஆளப் பாத்தா ஒன்னுமே தெரியல." தெரியாததுதான் தொல்லை. கட்டுப் போட்ட கையென்றால் யாரும் அதில் பையைக் கொடுக்கமாட்டார்கள்.

மருத்துவர் இன்னும் வண்டி ஓட்ட அனுமதிக்கவில்லை. வேனை இப்போது வேறொருவர் ஓட்டுகிறார். பாசார் மீன் கடையில் ஒரு தாய் என்னைப் பார்த்து, "நல்ல வேளக்கா, பிள்ளைங்களுக்கு ஒன்னும் ஆவல" என்றாள். அவள் சொன்னதில் தவறில்லை. ஆனாலும் மீன் வாங்காமலே திரும்பி வந்துவிட்டேன்.

இதே வலியோடு இருப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். தலைவலி என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். எப்படி இருந்தால் வருகிறது, எப்படி இருந்தால் போகிறது என்று சொல்லுங்கள். சிரித்தால் மறுபடியும் சொல்லுங்கள். கால்கள் ஒருமுறை கைவிட்டாலும் வண்டியைத் தொடாமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். அறுவைக்கு முன் நினைவைப் பற்றி உட்கார்ந்து கேளுங்கள். வீட்டாரையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் ஸ்கேன் சுத்தமாக இருந்தது. தலையும் வலிப்பதில்லை. அன்று சாயங்காலம் யாழினி துணிகளை ஒரு பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். எங்கே போகிறாய் என்று கேட்டேன். அவள் கை நின்றது.

"மெட்ரிகுலேஷன் காலேஜ்ல எடம் கெடச்சிருக்கும்மா, ஹாஸ்டலுக்குப் போறேன். ரெண்டு வாரத்துக்கு முன்னாடியே சொன்னேன்."

"நான் என்ன சொன்னேன்?"

"ஒன்னும் சொல்லல. கட்டிப்பிடிச்சு அழுதீங்க. அப்பறம் பக்கத்து வீட்டு ஆன்ட்டியக் கூப்பிட்டுச் சொன்னீங்க."

அந்த நாளைத் தேடிப் பார்த்தேன். அங்கே ஒன்றுமே இல்லை. அழுதது என் கண்கள், அவளைப் பிடித்தது என் கைகள். பதினேழு வருடம் காத்திருந்த அந்தச் சந்தோஷம் என் உடம்பில் நடந்து முடிந்திருக்கிறது, நான் இல்லாமலே.

"எனக்கு ஞாபகம் இருக்கும்மா. அது போதும் லா" என்றாள்.

அவளுக்குப் போதும். எனக்குப் போதவில்லை. பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, முதலிலிருந்து சொல்லச் சொன்னேன்.