சார்ஜைத் துன்றது யார்?

பீட்டா என்கிற சோதனை அப்டேட்டைப் போட்ட நாளிலிருந்து என் போன் கொதித்தது. மதியத்துக்குள் சார்ஜ் தீர்ந்தது. போன் கம்பெனிக்காரர்களைத் திட்டிக்கொண்டே இருந்தேன்.

என் கணவர் லாரி ஓட்டுகிறார். அன்று சென்னைக்கு லோடோடு போகும் வழியில், வடமாலபேட்டை ரோட்டில் எங்கள் கிராமத்துக்குத் திரும்பும் இடத்தில் வண்டியை நிறுத்தி, டீ குடிக்க வரச்சொல்லி எனக்குப் போன் செய்திருக்கிறார். என் போன் அணைந்து கிடந்தது.

சாயங்காலம்தான் பேச முடிந்தது. "ரெண்டு டீ சொல்லிக்கினு நின்னேன்மே. உன் டீயையும் நானே குடிச்சிட்டு கெளம்பிட்டேன்."

நான் மறுபடி திட்ட ஆரம்பித்தேன். "இந்தப் பீட்டாதாங்க சார்ஜையெல்லாம் துன்னுது."

"செட்டிங்ஸ்ல பாரு. எது துன்னுதுன்னு காட்டும்."

பார்த்தேன். முதலில் நின்றது மேப். அவர் அனுப்பிய லைவ் லொகேஷனைத் திறந்து வைத்து, லாரிப் புள்ளி ரேணிகுண்டாவை நெருங்குவதைக் காலை முழுக்கப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன்.

"இன்னாமே, எது?"

"நீங்கதான்."

 

கம்பெனிக்கு எழுதி வைத்திருந்த புகாரை அழித்துவிட்டேன். போனில் இன்னும் அதே பீட்டாதான். அவர் வீட்டிலிருக்கும் நாட்களில் மட்டும் ராத்திரி வரை சார்ஜ் நிற்கிறது.