ஒரு விரல் குறைந்த உழக்கு

எங்கள் அக்காள் கர்த்தருக்குள் நித்திரையடைந்து ஓராண்டு நிறைகிறது. நினைவு ஜெபத்துக்கு வந்திருக்கும் உறவினர், சிநேகிதர் கையில் கொடுக்க இச்சிறு மலரை இளையவளாகிய நான் எழுதுகிறேன். புகழ்ந்து பேச வேறு ஆட்கள் இருக்கிறார்கள். எனக்கு நேராக்க வேண்டிய காரியம் ஒன்று இருக்கிறது.

அக்காள் விக்கிரமசிங்கபுரத்தில் பிறந்தார்கள். அப்பாவுக்கு நூல் ஆலையில் வேலை. அம்மா சீக்கிரமே போய்விட்டதால் எனக்குப் பேன் பார்த்து, சோறூட்டி, அடித்து வளர்த்ததெல்லாம் அக்காள்தான். பாளையங்கோட்டை உபாத்தியாயர் ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டார்கள்; நானும் கூடவே போனேன். அத்தான் அதிர்ந்து பேசாதவர்கள். மகள் பிறந்த மறுவருஷமே அத்தானுக்குத் தொண்டையில் புண் வந்து, கஞ்சித் தண்ணீர்கூட இறங்காமற் போயிற்று.

"ஐஸ் கிரீம் இறங்கும்" என்று சொன்ன மிஷன் ஆஸ்பத்திரி டாக்டரம்மாள், அதைச் செய்யக் கைப்பிடி சுழற்றும் மரவாளியையும் இரவல் தந்தார்கள். தூத்துக்குடியிலிருந்து மரத்தூளில் பொதிந்து ரயிலில் ஐஸ் கட்டி வந்தது. ஒரு படி பாலுக்கு அரை ராத்தல் சீனி என்பது டாக்டரம்மாளின் கணக்கு. நம் வீடுகளில் நிறுக்கும் ராத்தல் ஏது? அளக்கும் படியும், அதில் காலான உழக்கும்தான். அதிலும் நோயாளிக்குக் குவித்து அளப்பதே நம் வழக்கம்; குறைத்து அளந்தால் ஆயுசு குறையும் என்பார்கள். அக்காள் அரை ராத்தலை ஓர் உழக்கென்று மதித்து, குவித்து அளந்து போட்டார்கள். கை ஓயச் சுற்றியும் பால் உறையவில்லை. ஐஸ்தான் கரைந்தது. அத்தான் அன்றும் பட்டினி.

"சீனி கூடினால் உறையாது" என்றார்கள் டாக்டரம்மாள். அக்காள் உழக்கை எடுத்துக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு கடைக்குப் போனார்கள். கடைக்காரர் அரை ராத்தல் சீனியை நிறுத்து உழக்கில் கொட்டினார். விளிம்புக்கு ஒரு விரல் கீழே நின்றது.

"இம்புட்டுத்தானா அண்ணாச்சி? சரியாப் பாருங்க."

"ரெண்டு தடவ நிறுத்தாச்சும்மா. அரை ராத்தல் இம்புட்டுத்தான்."

வீட்டில் அக்காளின் மாமியார் அடுக்களைக்கே வந்துவிட்டார்கள். "ஏட்டி, எம் புள்ளைக்கா கொறச்சு அளக்கே? ஒரு கை கூடப் போடு."

அக்காள், "போட்டா உறையாது மாமி. அவுகளுக்குப் பசிக்கும்லா" என்று சொல்லி, குறைந்த உழக்கையே பாலில் கவிழ்த்தார்கள்.

அன்று கெட்டியாக உறைந்தது. அத்தான் கரண்டியைத் தாமே வாங்கி உண்டு, "இன்னும் இருக்கா?" என்று கேட்டார்கள். அக்காள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு அழுதார்கள்.

அந்த மாதம் தாண்டாமல் அத்தான் போய்விட்டார்கள். அடக்கத்துக்கு வந்த இடத்திலேயே, உழக்கைக் குறைத்ததால்தான் ஆயுசு குறைந்தது என்ற பேச்சு எழுந்தது. அதன்பின் நம் குடும்பத்தில் எந்தக் கலியாணத்திலும் அக்காளை விருந்துக்கு அரிசி அளக்க விட்டதில்லை. பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தே மகளை ஆளாக்கினார்கள். ஒருவரோடும் சண்டைக்குப் போகவில்லை. எனக்குத்தான் வயிறு எரிந்தது.

கடைசிக் காய்ச்சலில் இராப்பகலாய் உடனிருந்த அண்டை வீட்டாருக்கும், வைத்தியம் பார்த்த டாக்டருக்கும், சபை ஐயருக்கும், அடக்கத்துக்குத் தோள் கொடுத்த யாவருக்கும் எங்கள் நன்றி உரியது. அத்தான் பசியோடு போகவில்லை. கண்ணால் கண்டவள் சொல்லுகிறேன்.

வருகிற தை மாதம் என் மகனுக்குக் கலியாணம். அரிசியை அக்காளின் மகள்தான் அளப்பாள். மனமுள்ளவர்கள் வந்து சாப்பிடுங்கள்.