மண் அணைத்த எட்டு நாள்

கண்ணுகளா, கடின உழைப்பைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் கட்டுரை கேட்டிருக்கிறார்கள், ஏதாவது சொல்லுங்கப்பா என்று இரண்டு பேரும் பிடித்துக்கொண்டீர்கள். உழைத்து முன்னேறியவர்கள் கதை உங்கள் புத்தகத்திலேயே நிறைய இருக்கும். என்னிடம் இருப்பது நான் உழைத்துக் கெடுத்த கதை. யாரிடமும் சொன்னதில்லை. எழுதித் தருகிறேன்.

அப்போது எனக்குப் பத்து வயது. மலைமேல் குண்டூர் நாட்டில் எங்களுக்கு இருந்தது கொஞ்சம் மரவள்ளிக் காடும், அதற்கு மேல் சரிவில் நாற்பது சில்வர் ஓக் மரமும்தான். அப்பா போர் லாரியில் வேலை பார்த்தார். ஆந்திராவுக்கும் அதற்கு அப்பாலும் ஆழ்குழாய்க் கிணறு போடப் போகிற வண்டி. ஏறினால் வீடு திரும்ப ஏழெட்டு மாதம் ஆகும். எனக்கு ஏழு வயதில் ஒரு முறை வந்திருந்தபோது ஒவ்வொரு மரத்தடியிலும் ஒரு மிளகுக் கொடி நட்டார்.

"இது காய்ப்புக்கு வந்துட்டா நான் லாரி ஏற மாட்டேன்" என்று அம்மாவிடம் சொன்னார்.

பக்கத்தில் நின்ற என் மாமன், அம்மாவின் தம்பி, சிரித்தார். "மச்சான், இது காய்க்கிறதுக்குள்ள உங்க பையனுக்கு மீச மொளச்சிருமுங்க. பேசாம மரவள்ளிக் குச்சிய ஊனுங்க. பத்தே மாசம்!"

மூன்று கோடையும் அம்மா ஊற்றிலிருந்து குடம் குடமாகச் சுமந்து ஊற்றினாள். நான்காம் வருடம் ஆனி மழையில் கொடிகளில் பூச்சரம் இறங்கியது. அப்பாவுக்குக் கடிதம் போட்டோம். தீபாவளிக்கு வருகிறேன், காய் நின்றுவிட்டால் பிறகு போகப் போவதில்லை என்று பதில் வந்தது. நான்தான் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன்.

படித்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. காய் நிற்குமா? நிற்காவிட்டால் அப்பா போய்விடுவாரே. ஆவணியில் ஒரு நாள் மாமன் மரவள்ளிக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார். செடியைச் சுற்றி ஆழமாகக் கொத்தி, மண்ணை இழுத்துத் தூரில் குவிப்பார். "இப்பிடிக் கொத்தி அணைச்சாத்தான் மாப்ள கெழங்கு தெரளும்" என்றார். கிழங்குக்கு நல்லது மிளகுக்கும் நல்லதுதானே என்று நினைத்துக்கொண்டேன்.

எட்டு நாள். அம்மா விடிந்ததும் கூலிக்குப் போய்விடுவாள். பள்ளிக்கூடம் போவதற்கு முன்பும் வந்த பிறகும் நான் களைக்கொத்தும் கையுமாகத் தோட்டத்தில் கிடந்தேன். மரத்தடிச் சருகை விலக்கி, ஒரு சாண் ஆழம் கொத்தி, மண்ணை அணைத்து, மறுபடி சருகை இருந்தபடியே பரப்பிவிடுவேன். அப்பா வந்து பார்த்து அசந்து போக வேண்டும் என்பதற்காக யாரிடமும் மூச்சு விடவில்லை. கொத்தும்போது நூல் நூலாக வேர் அறுந்து வந்தது. புல் வேர் என்று நினைத்து உதறி எறிந்தேன். உள்ளங்கை கொப்புளித்து உடைந்தது. நாற்பதாவது கொடியை முடித்த அன்று, என்னைப் போல் பாடுபட்டவன் இந்த மலையிலேயே இல்லை என்று நம்பினேன்.

புரட்டாசி மழை விடாமல் அடித்தது. முதலில் இலை மஞ்சளானது. பிறகு சரங்கள் பிஞ்சோடு உதிர்ந்தன. அம்மா தினமும் ஒவ்வொரு மரமாகப் போய்ப் பார்ப்பாள்.

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால் அப்பா வந்தார். பையைக்கூட இறக்கிவைக்காமல் தோட்டத்துக்கு ஏறினார். நாங்கள் பின்னால் போனோம். முப்பதுக்கு மேல் கொடிகள் கருகி நின்றன. அவர் ஒரு மரத்தடியில் குந்தி, சருகை விலக்கி, மண்ணுக்குள் விரல் விட்டார். எதையோ எடுத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சருகை மூடிவிட்டு எழுந்தார்.

"மழ சாஸ்தி. வாடல் நோவு" என்றார்.

"நாலு வருசம் காத்துக் கெடந்து நோவுக்குக் குடுத்தீங்களாக்கும்!" என்றார் மாமன். "நான் சொன்னப்பக் கேட்டீங்களா?"

"நீ வாய மூடு" என்றாள் அம்மா.

அப்பா கைமண்ணைத் தட்டிவிட்டு வீட்டுக்கு இறங்கினார்.

தீபாவளி கழிந்த நான்காம் நாள் அவர் மறுபடி கிளம்பினார். அடிவாரத்துக் காரவள்ளிக்கு இறங்கும் பஸ்ஸுக்காக அவரும் நானும் ரோட்டோரம் நின்றோம். பஸ் சத்தம் கேட்ட பிறகுதான் வாயைத் திறந்தார்.

"சாமி, மொளகுக்கிட்டக் கொத்துப் போடக்கூடாது. அது வேரு மேலாப்புலயே ஓடும். புல்லு மொளச்சாக் கையிலதான் புடுங்கோணும். தெரிஞ்சுக்க."

"செரிங்கப்பா" என்றேன். கொடிகளைக் கொன்றது என் கொத்துதான் என்று அப்போதுதான் புரிந்தது. ஆனால் அவர் ஏதோ பொதுவாகச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். மாட்டிக்கொள்ளாமல் தப்பித்ததில் உள்ளுக்குள் சந்தோஷம் வேறு.

இரண்டு வருடம் கழித்து வந்தபோது, போர் போடும் கம்ப்ரசர் சத்தத்தில் அவருக்கு இரண்டு காதும் போயிருந்தன. எதையும் கத்தித்தான் சொல்ல வேண்டும். செய்ததைச் சொல்லிவிட வேண்டும் என்று எனக்கு அப்போது இருந்தது. ஆனால் அப்படி ஒன்றைக் கத்திச் சொல்ல வாய் வரவில்லை. சருகுக்கு அடியில் அவர் பார்த்தது அறுந்த வேர்களைத்தான் என்பதும், மாமன் முன்னால் என்னை விட்டுக்கொடுக்காமல் பழியை மழை மேல் போட்டுவிட்டு அவர் லாரி ஏறினார் என்பதும் எனக்கு உறைக்க இன்னும் பல வருடம் ஆனது. உழைப்பைப் பற்றி நீங்கள் எழுதுவதை எழுதுங்கள். பொறுமை என்று எழுதுகிற இடத்தில் மட்டும் உங்கள் தாத்தாவை ஒரு முறை நினைத்துக்கொள்ளுங்கள்.

அவர் கிளம்பிய அன்று, அவருக்கு எல்லாம் தெரியும் என்பது எனக்குத் தெரியாது. பஸ் வளைவில் மறைந்ததும் நான் வீட்டுக்குப் போகாமல் தனியாகத் தோட்டத்துக்கு ஏறினேன். மரத்தை விட்டுக் கழன்று விழுந்திருந்த காய்ந்த கொடி ஒன்றைத் தூக்கி நிறுத்தி, வாழைநாரால் மூன்று இடத்தில் மரத்தோடு சேர்த்துக் கட்டினேன்.