பல் டாக்டரின் பெஞ்ச்

1. பெஞ்ச்

தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில், ஒரு மாடியில் எங்கள் குடும்ப ஆலோசனை மையம். தொண்ணூறுகளின் கடைசியில் அங்கே ரிசப்ஷனிஸ்டாகச் சேர்ந்தேன். முதல் நாள், மலையாளியான கவுன்சிலர் மேடம் எனக்குக் கொடுத்த வேலை, எதிர்க் கதவு பல் டாக்டரின் பெஞ்சைக் கவனிப்பது.

"டோக்கன் எடுக்காம ரெண்டு பேரை முன்னே விட்டு இரிக்கிறவ நம்ம ஆளாணு" என்றார்.

உண்மைதான். எங்கள் போர்டுக்குக் கீழே உட்கார யாருக்கும் துணிவில்லை. வீங்கிய கன்னத்தைக் கையால் பொத்திக்கொண்டு பல் டாக்டரின் பெஞ்சில் உட்கார்ந்தால், தெரிந்தவர் யாராவது வந்தாலும் பல்வலி என்று சொல்லிவிடலாம். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, மெதுவாகக் கேட்டு, உள்ளே அழைத்துவருவேன்.

நானும் அப்படித்தான். எங்கே வேலை என்று எதிர்வீட்டு அம்மா கேட்டால், "பல் டாக்டர்ட்ட" என்பேன். அது என் மாமியார் சொல்லித்தந்தது. "அங்க வேலைன்னு சொன்னா, நம்ம வீட்டுலயும் என்னவோன்னு நெனப்பாங்க மோளே."

2. ஒரு சொல்

செல்வி வந்தது ஒரு மழைநாள் பிற்பகலில். பொன்முடி எஸ்டேட்டில் தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலிருந்து விதுரா வந்து, அங்கிருந்து வேறு பஸ் பிடித்து வந்திருந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். உள்ளே வர அரை மணி நேரம் யோசித்தாள்.

மேடத்துக்குத் தமிழ் தெரியும் என்று மேடம் நம்பினார். கூப்பிட்டால் மட்டும் நான் மொழிபெயர்க்க வேண்டும். அன்று கூப்பிடவில்லை. கேஸ் ஷீட்டோடு ஓரமாக நின்றேன்.

"வீட்டில் வழக்குண்டோ?" என்று மேடம் கேட்டார்.

செல்வியின் முகம் வெளுத்தது. "ஐயோ, வழக்கெல்லாம் இல்லம்மா. ஒண்ணுமே இல்ல."

"பின்னெ எந்தினா வந்நது?"

"சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேம்மா."

வீட்டில் வழக்கில்லை என்று மேடம் மலையாளத்தில் எழுதினார். செல்வி கீழே தமிழில் கையெழுத்துப் போட்டுவிட்டு வேகமாகப் படியிறங்கினாள். ஏதோ சரியில்லை என்று எனக்குப் பட்டது. ஆனால் கடிகாரத்தைப் பார்த்தேன். நாலரைக்கு என் மகள் இருக்கும் கிரெஷை மூடிவிடுவார்கள். மேடம் பேசும்போது குறுக்கிடுவது என் வேலையும் இல்லையே என்று நினைத்துக்கொண்டேன்.

கிரெஷிலிருந்து வரும் வழியில் என் மகள் செருப்பைச் சேற்றில் விட்டாள். அதட்டினேன். மூன்று வயது, கிரெஷில் பேசும் மலையாளத்திலேயே சொன்னாள்: "அம்மே, வழக்கு பறயல்லே."

திட்டாதே என்று அர்த்தம். நடுத்தெருவில் நின்றுவிட்டேன். மலையாளத்தில் வழக்கு என்றால் திட்டு, சண்டை. செல்வியின் தமிழில் அது கோர்ட்டு வழக்கு. மேடம் வீட்டில் சண்டையா என்று கேட்டிருக்கிறார். புருஷன்மேல் கேஸ் இருக்கிறதா என்று கேட்பதாக அவள் நினைத்திருக்கிறாள்.

மறுநாள் மேடத்திடம் சொன்னேன். "நீ எந்தா அப்போ பறயாஞ்ஞது?" ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்டார். கேஸ் ஷீட்டை எடுத்து முகவரியைப் பார்த்தேன். செல்விக்குக் கடிதமும் போட முடியாது. எஸ்டேட் ஆபீசுக்கு வரும் கடிதத்தை அங்கே முதலில் பிரித்துப் படிப்பார்கள்.

3. கார்டு

நான்கு மாதம் கழித்து அதே பெஞ்சில் செல்வி. இந்த முறை கையில் டோக்கன் இருந்தது. முன்பல் இரண்டு இல்லை.

பக்கத்தில் உட்கார்ந்தேன். "செல்வி, அன்னைக்கு மேடம் கேட்டது கோர்ட்டு கேஸ் இல்ல. வீட்டுல சண்டையான்னுதான் கேட்டாங்க."

"அப்படியாக்கா? நான் இல்லைன்னு கையெழுத்துல்லா போட்டுட்டேன்."

"வேற எழுதலாம். இப்பவே வா."

"அவரு கீழ டீ குடிச்சிட்டு நிக்காரு. விதுரால காட்டுனா எல்லாருக்கும் தெரிஞ்சிரும்னாரு. இங்க நல்லா பாப்பாங்கன்னு நான்தான் சொல்லிக் கூட்டியாந்தேன்."

எங்கள் கதவைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். எதற்காக இந்தக் கட்டடத்துக்கு வந்தாள் என்பது அப்போதுதான் புரிந்தது.

படியில் அவள் கணவன் ஏறிவந்தான். "நீங்க யாரு?"

"டாக்டர்ட்ட வேலை" என்றேன். அந்தப் பொய் நாவில் தயாராக இருந்தது. பல் டாக்டரின் மேசையிலிருந்து ஒரு கார்டு எடுத்து, 'புதன், பத்து மணி' என்று எழுதி அவளிடம் கொடுத்தேன். "இன்னைக்குத் தையல் போடுவாங்க, அதைப் பிரிக்கணும். கண்டிப்பா வரணும்."

"இந்தப் பல்லுக்கு எத்தன தடவதான் வாறது?" என்று அவன் அவளைப் பார்த்துச் சிரித்தான்.

செல்வி உள்ளே போய்த் திரும்பியபோது வாயில் பஞ்சு இருந்தது, பேச முடியவில்லை. கார்டை ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள்.

புதன்கிழமை மேடம் புது ஷீட் எடுத்து வைத்தார். நான் காலையிலிருந்து மூன்று மணிவரை அந்த பெஞ்சில் இருந்தேன். செல்வி வரவில்லை. அடுத்த புதனும் வரவில்லை.

என் மகள் இப்போது இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: வந்தவள் முகம் மாறினால் குறுக்கே பேசுங்கள். மேடம் கோபித்தாலும் பேசுங்கள். தப்பாகப் புரிந்துகொண்டோமோ என்ற சந்தேகத்தை வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். எங்கே வேலை என்று கேட்டால் மையத்தின் பெயரையே சொல்லுங்கள். நான் எதிர்வீட்டு அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அதன் பிறகு அவர் அதிகம் பேசுவதில்லை.

செல்வியின் ஷீட் இன்னும் பைலில் இருக்கிறது. வழக்கில்லை, கீழே அவள் கையெழுத்து. பலமுறை பேனாவை எடுத்திருக்கிறேன். அதைத் திருத்த அவள்தான் வர வேண்டும்.