வேலூர்ப் பக்கம் திரும்பிய வேன்

சாகக் கிடந்த ஒருத்தியை என் கண் முன்னே எழுப்பி உட்கார வைத்த ஆண்டவருக்கு முதலில் நன்றி. அதைச் சொல்லிவிட்டால்தான் எனக்கு மீதி வார்த்தை வரும்.

பிரியமான சகோதரிகளே, நான் ஒரு நர்ஸ். மேடை ஏறி அழகாகப் பேசத் தெரியாது. ஊசி போடத் தெரியும், அதட்டத் தெரியும். என் வாய்க்குப் பயந்தே மாத்திரை விழுங்கியவர்கள் உண்டு. நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

அப்போது எழுபதுகளின் கடைசி. ஆம்பூர்ப் பக்கம், பாலாற்றை ஒட்டி, மனநோய் வந்த பெண்கள் தங்கியிருக்கும் சின்ன இல்லம் ஒன்றில் நான் பொறுப்பில் இருந்தேன். ஆஸ்பத்திரியில் பார்த்து நோய் அடங்கிய பிறகும் வீட்டில் வைத்துக்கொள்ள ஆளில்லாதவர்கள் எங்களிடம் வருவார்கள். வேளைக்குச் சோறு, வேளைக்கு மாத்திரை, காலையும் மாலையும் ஜெபம், நடுவில் ஷூ கம்பெனியிலிருந்து வரும் கைவேலை. இதுதான் எங்கள் நாள். மாதம் ஒருமுறை வேலூரிலிருந்து டாக்டர் வருவார். மற்ற நாளெல்லாம் நானும் சமையல்கார அம்மாவும்தான்.

அங்கே இருந்தவர்களில் ஒருத்தி மரகதம். கணவர் இறந்த பிறகு அவளுக்கு இந்த நோய் வந்தது. சில மாதம் தூக்கமே இல்லாமல் பாடிக்கொண்டு, வீட்டில் இருக்கிற பாத்திரத்தையெல்லாம் தெருவில் போகிறவர்களுக்குத் தூக்கிக் கொடுப்பாள். சில மாதம் சுவரைப் பார்த்துப் படுத்தால் எழுந்திருக்க மாட்டாள். டாக்டர் லித்தியம் என்ற மாத்திரையைக் கொடுத்த பிறகுதான் அடங்கியது. ஒரு வேளைகூடத் தவறாமல் சாப்பிடுவேன் என்று எனக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். சொன்ன சொல் தவற மாட்டாள். அவள் குணம் அப்படி.

அவளுக்கு ஒரே மகள், சாந்தி. தாய்மாமன் தேவராஜ் வீட்டில் ஆம்பூரில் வளர்ந்தாள். தேவராஜ் தோல் கம்பெனியில் வேன் ஓட்டுகிறவர். அந்த வருஷம் சாந்திக்குக் கல்யாணம் முடிவாகி, லெந்து காலம் கழிந்து ஈஸ்டருக்குப் பிறகு நாள் குறித்திருந்தார்கள். மரகதம் கல்யாணத்துக்கு வர ஆசைப்பட்டாள். தேவராஜ் இல்லத்துக் கேட்டுக்கு வெளியே என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"பையன் வூட்ல பொண்ணுக்கு அம்மா தவறிட்டாங்கன்னு சொல்லி வெச்சிருக்கோம் சிஸ்டர். இப்ப இவளக் கூட்டிட்டுப் போய் நிறுத்தினா இன்னா ஆவும்? கல்யாணமே நின்னு போயிடும்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "உயிரோட இருக்கறவங்களுக்கு நீங்களே சாவு எழுதிட்டீங்களா அண்ணே?" என்று கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். "சரி, அடுத்த தபா வரும்போது பாக்கறேன். நல்லா தெளிவா இருந்தா யோசிக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் உள்ளே வந்து மரகதத்திடம், "அண்ணன் வந்து பார்த்துட்டு முடிவு சொல்றாராம். நல்லா இரு, போதும்" என்றேன். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்குள் என்ன முடிவு எடுத்திருந்தாள் என்று எனக்குத் தெரியவில்லை.

பங்குனி வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. காற்று அடித்தால் ஆற்றுப் பக்கமிருந்து தோல் ஊறப்போட்ட வாடைதான் வரும். அந்த வாரம் கைவேலைக்கு உட்கார்ந்த மரகதத்தால் ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. விரல் நடுங்கியது. இந்த மாத்திரைக்குக் கொஞ்சம் நடுக்கம் எப்போதும் இருக்கும். அதனால் நான் பெரிதாக நினைக்கவில்லை. மறுநாள் நடுக்கம் ஜாஸ்தியானது. சுவரைப் பிடித்து நடந்தாள். கேட்டால், "ஒன்னுமில்ல சிஸ்டர், வெயிலு" என்றாள்.

சனிக்கிழமை காலையில் அவளால் எழுந்து நிற்கவே முடியவில்லை. வாந்தி எடுத்தாள். பேச்சு குழறியது. கண் எங்கேயோ நிலைகுத்தி நின்றது. இரண்டு கையும் தூக்கித் தூக்கிப் போட்டன.  இந்த மாத்திரை உடம்பில் தேங்கி விஷமானால் இப்படி வரும் என்று படித்திருந்தேன். தண்ணீரும் உப்பும் குறைந்தால் தேங்கும். ஆனால் அளவு மாறவில்லை. அவள் சாப்பாட்டுத் தட்டு தினமும் காலியாகத்தான் திரும்பி வந்தது. தண்ணீர்ச் செம்பும் காலி. அப்படியானால் நோய்தான் வேறு உருவத்தில் திரும்பி வந்துவிட்டதா? மத்தியான மாத்திரையைக் கொடுத்தால் கெடுதலா, நிறுத்தினால் கெடுதலா? டாக்டருக்கு டிரங்க் கால் போட்டுவிட்டுக் காத்திருந்தோம். லைன் கிடைக்கவே இல்லை.

அந்த நேரம் பார்த்து வாசலில் வேன் சத்தம். தேவராஜ் தங்கையைப் பார்த்து முடிவு சொல்ல வந்துவிட்டார்.

உள்ளே வந்தவர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். மரகதம் பாயில் கிடந்தபடி அவரைப் பார்த்து ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். எச்சில்தான் வழிந்தது.

"இன்னா சிஸ்டர் இது? நல்லா இருக்கான்னு சொன்னீங்களே. இன்னாத்தக் குடுத்தீங்க இவளுக்கு?"

"அண்ணே, வேலூர் ஆஸ்பத்திரிக்கு உடனே எடுத்துட்டுப் போகணும். வண்டிய எடுங்க."

"ஆஸ்பத்திரியும் வாணாம், மாத்திரையும் வாணாம். எத்தினி வருசமா மாத்திரை! இது வேற ஏதோ ஆவி. திருப்பத்தூர்ப் பக்கம் ஒரு ஜெப வூடு இருக்குது. அங்க கொண்டுபோய் உட்றேன். அவங்க பாத்துக்குவாங்க."

அந்த ஜெப வீட்டை எனக்குத் தெரியும். காலில் சங்கிலி போட்டுத் தூணோடு கட்டுவார்கள். சாட்டையாலும் அடிப்பார்கள். ஜெபம் என்ற பேரில் இதைச் செய்கிறவர்களை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு இரத்தம் கொதிக்கிறது. மரகதம் இருந்த நிலையில் அங்கே போனால் பிணமாகத்தான் வருவாள். ஆனால் அண்ணன் அவர். வண்டி அவருடையது. தடுக்க எனக்கு என்ன அதிகாரம்? அவர் தங்கையைத் தூக்கக் குனிந்தார்.

"ரெண்டு நிமிஷம் குடுங்க அண்ணே" என்று சொல்லிவிட்டு மருந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். கொடுக்காமல் வைத்திருந்த மத்தியான மாத்திரை உள்ளங்கையில் பிசுபிசுத்தது. முழங்கால் போடக்கூட முடியவில்லை. அலமாரியில் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதேன். "ஆண்டவரே, எனக்குப் படிப்பு போதவில்லை. பலமும் போதவில்லை. இவளுக்கு என்ன நடந்தது என்று சொல்லும். யார் வாயிலிருந்தாவது ஒரு வார்த்தை தாரும்." அவ்வளவுதான் என் ஜெபம். ஆமென் சொன்னேனா என்றுகூட ஞாபகமில்லை.

கதவைத் திறந்தேன். கூடத்தில் பிலோமினா, தேவராஜுக்கு நேராக இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தாள்.

பிலோமினாவைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். தன் தட்டில் விஷம் வைக்கிறார்கள் என்பது அவள் நோய். சமையல்கார அம்மாவை அவள் திட்டாத நாள் கிடையாது. அவள் வாயைத் திறந்தாலே நாங்கள் எல்லோரும் வேறு பக்கம் திரும்பிக்கொள்வோம். அப்படிப்பட்டவள் அன்றைக்கு எங்கள் சமையலுக்கு வக்காலத்து வாங்கினாள்.

"இன்னாத்தக் குடுத்தீங்கன்னு கேக்கறியே! மரகதம் தட்டுல விஷம் கிஷம் ஒன்னும் கெடையாது. என் தட்டுலதான் வெப்பாங்க. மூனு நாளா அவ சோத்த நான்தான் துன்றேன். எனக்கு எதுனா ஆச்சா?"

நான் அப்படியே நின்றேன். "பிலோமினா, அவ சோத்த நீ சாப்பிட்டா, அவ இன்னா சாப்பிட்டா?"

"ஒன்னும் சாப்பிடல. தண்ணிகூட கெடையாது. செம்புத் தண்ணிய செடிக்கு ஊத்திடுவா. உபவாசம்னா. சிஸ்டர் கிட்ட சொல்லாதன்னு சத்தியம் வாங்கினா. நான் சொல்லல, இந்த ஆளு கேட்டதால சொல்றேன்."

தண்ணீர்கூடத் தொடாமல் மூன்று நாள் இருக்கும் உபவாசம் நம்மில் பலருக்குத் தெரியும். பிள்ளைகளுக்காகத் தாய்மார்கள் இருப்பார்கள். அண்ணன் மனம் இரங்க வேண்டும், மகள் கல்யாணத்தில் தான் நிற்க வேண்டும் என்று மரகதம் இருந்திருக்கிறாள். மாத்திரைக்கு மட்டும் ஒரு வாய் தண்ணீர். எனக்குக் கொடுத்த வாக்கையும் அவள் மீறவில்லை, ஆண்டவருக்குக் கொடுத்த வாக்கையும் மீறவில்லை. இரண்டு வாக்கும் சேர்ந்து அவள் உயிரைக் குடித்துக்கொண்டிருந்தன.

கையில் இருந்த மாத்திரையை வீசி எறிந்தேன். "ஆவியும் இல்ல, ஒன்னும் இல்ல அண்ணே. உங்க வாயால ஒரு 'சரி' கேக்கறதுக்காகப் பட்டினி கெடந்திருக்கா. தண்ணி இல்லாம மாத்திரை உடம்புல தங்கி விஷமாயிடுச்சு. இப்ப சொல்லுங்க, திருப்பத்தூரா, வேலூரா?"

அவர் தங்கையை இரண்டு கையாலும் வாரித் தூக்கிக்கொண்டு ஓடினார். வேனுக்குள் இருந்த தோல் கட்டுகளின் மேலேயே அவளைப் படுக்க வைத்தோம். நான் உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீரை ஒரு தூக்கில் எடுத்துக்கொண்டு ஏறினேன். வண்டி வேலூர்ப் பக்கம் திரும்பியது.

ஆனால் கஷ்டம் அதோடு முடியவில்லை. ஸ்பூனை வாயருகே கொண்டுபோனால் மரகதம் பல்லைக் கடித்துக்கொண்டாள். கெஞ்சினேன். அதட்டினேன். என் அதட்டல் பலிக்காமல் போனது அன்றைக்குத்தான். தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டி, குழறிக் குழறி ஒரே வார்த்தையைச் சொன்னாள். "முடிக்கல... முடிக்கல..."

எனக்குப் புரிந்தது. உபவாசத்தை ஜெபம் பண்ணித்தான் முடிக்க வேண்டும். அதுதான் நம் வழக்கம். அவள் இன்னும் முடிக்கவில்லை. முடித்து வைக்க நான் ஜெபித்தேன், அவள் ஆமென் சொல்லவில்லை. கேட்டது இன்னும் கிடைக்கவில்லையே! நாடி தட்டுத் தடுமாறிக்கொண்டிருந்தது. வேலூருக்கு இன்னும் தூரம் இருந்தது.

"அண்ணே, வண்டிய நிறுத்துங்க. நீங்கதான் முடிச்சு வைக்கணும்."

விரிஞ்சிபுரம் நெருங்கும் இடத்தில் புளியமரத்தடியில் வேன் நின்றது. தேவராஜ் பின்னால் ஏறி வந்தார். கோவிலில் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து பிரசங்கம் முடிவதற்கு முன்பே எழுந்து போகிற மனிதர் அவர். தங்கையின் காலைப் பிடித்துக்கொண்டு ஜெபித்தார்.

"ஆண்டவரே, இவ செத்துட்டான்னு நான்தான் ஊர் பூரா சொன்னேன். அத நெஜமாக்கிடாதீங்க. இவ கல்யாணத்துக்கு வர்றா. நான் கூட்டிட்டுப் போறேன். யாரு இன்னா சொன்னாலும் சரி. இவ கேட்டது கெடச்சிடுச்சு. இந்த உபவாசத்த முடிச்சுக் குடுங்க. ஆமென்."

மரகதம் அவரையே பார்த்தாள். உதடு நடுங்க, "ஆமென்" என்றாள். பிறகு வாயைத் திறந்தாள். சொட்டுச் சொட்டாக ஊட்டினேன். பாதி வழிந்தது, பாதி உள்ளே போனது. தேவராஜ் அழுதுகொண்டே வண்டி ஓட்டினார்.

ஆஸ்பத்திரியில் உடனே படுக்க வைத்து இரண்டு கையிலும் டிரிப் ஏற்றினார்கள். இரத்தத்தில் லித்தியம் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. "இன்னும் ஒரு வேளை மாத்திரை போயிருந்தால் நான் ஒன்றும் சொல்லியிருக்க முடியாது" என்றார் டாக்டர். அன்றைக்கும் மறுநாளும் அவளுக்கு நினைவு வருவதும் போவதுமாக இருந்தது. நானும் தேவராஜும் வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. குருத்தோலை ஞாயிறு எங்களுக்கு அந்த வராந்தாவிலேயே கழிந்தது. திங்கட்கிழமை காலையில் நர்ஸ் வந்து, "உங்க பேஷன்ட் பசிக்குதுன்னு சொல்றாங்க" என்றாள். எத்தனையோ பாட்டுக் கேட்டிருக்கிறேன், அந்த வார்த்தையைப் போல இனிப்பாக ஒன்றும் கேட்டதில்லை.

கல்யாணத்துக்கு நானும் போனேன். மரகதம் பட்டுச் சேலை கட்டி, கூட்டத்தோடு கூட்டமாகக் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். எவ்வளவு சொல்லியும் முன்னால் வரவில்லை. மாப்பிள்ளையின் அம்மா சும்மா இருப்பாரா? கூர்ந்து பார்த்துவிட்டு, "சாந்தி ஜாடையாவே இருக்காங்களே, யாரு இவங்க?" என்று தேவராஜிடம் கேட்டார். 

தேவராஜ் சுற்றியிருந்தவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "பொண்ணோட அம்மா. உயிரோடதான் இருக்காங்க. மனசு சரியில்லாம இருந்தாங்க, இப்ப வைத்தியத்துல இருக்காங்க. நான்தான் பொய் சொன்னேன். மன்னிச்சுக்கோங்க."

அந்த அம்மாள் அவரை ஒரு நிமிஷம் முறைத்தார். பிறகு குனிந்து மரகதத்தின் கையைப் பிடித்தார். "அம்மாவாம், கடைசிப் பெஞ்சில உக்காந்திருக்காங்க! எழுந்து வாங்க சம்பந்தி. பொண்ணு உங்களத்தான் தேடிட்டிருக்கும்."

அன்றைக்கு நான் அழுத அழுகையில் பாதிரியார் சொன்ன ஆசீர்வாதம் ஒரு வார்த்தைகூட என் காதில் விழவில்லை.

அதன் பிறகு மரகதம் எங்கள் இல்லத்திலேயே இருந்து, மகள் வீட்டுக்குப் போவதும் வருவதுமாக இருந்தாள். தேவராஜ் கடைசிப் பெஞ்சை விட்டு முன்னால் வந்துவிட்டார். பிலோமினா பேசினால் நான் பரிமாறுகிற கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்க ஆரம்பித்தேன். நான் கேட்ட வார்த்தையை ஆண்டவர் அவள் வாயில்தானே வைத்திருந்தார்.

சகோதரிகளே, உபவாசம் இருங்கள். நானும் இருக்கிறேன். ஆனால் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்காக நீங்கள் இருங்கள், அவர்களை இருக்க விடாதீர்கள். மாத்திரையையும் சோற்றையும் தண்ணீரையும் கொடுத்துவிட்டு முழங்கால் போடுங்கள். ஆண்டவர் கேட்பார், நான் கண்டேன். உங்கள் வீட்டிலும் இப்படி யாரையாவது "இல்லை" என்று சொல்லி வைத்திருக்கிறீர்களா? பயப்படாமல் போங்கள். அவர்கள் உங்களுக்காக ஜெபித்துக்கொண்டுதான் இருப்பார்கள். போய்க் கூட்டிக்கொண்டு வாருங்கள்.